பலகை பார்க்க வந்த நாள்

கிளாடிஸ் வீட்டைத் துடைத்து, மேசையில் புதுத்துணி விரித்து வைத்தாள். அன்று கணினியின் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, வீடு பார்க்க வருகிறது. பலகையைக் கடைக்குப் போய் நாம் பார்த்ததெல்லாம் அந்தக் காலம். இப்போது அதுதான் வந்து நம்மைப் பார்க்கும்.

தூத்துக்குடி உப்பளங்களுக்கு மழை சொல்வது அவள் தொழில். கணினி கணக்குப் போடும். இவள் ஒலிபெருக்கியில் கூவுவாள். தொழிலாளிகள் ஓடிப்போய் உப்பு அம்பாரங்களை மூடுவார்கள். பழைய தாய்ப்பலகை கருகியபின் இரவல் கணினிதான் ஓடியது. அதன் முன்னறிவிப்பு மழை விட்டபிறகு வந்தது. துல்லியமாகவே வந்தது. இன்னொரு அம்பாரம் கரைந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று உப்பளத்தார் சொல்லிவிட்டார்கள்.

ஓவர்கிளாக் செய்து மிகைவேகத்தில் ஓட்டினால்தான் கணக்கு மழையை முந்தும். ஆனால் இசைவுச் சட்டப்படி, பலகை சம்மதிக்காமல் அதன் வேகத்தை இம்மியும் கூட்ட முடியாது. ஒரு மதியம் நாட்டிலுள்ள பலகைகளெல்லாம் சேர்ந்து பெருமூச்சு விட்டதில் சட்டமன்றத்தின் கூரை பறந்ததாம். அப்புறம் வந்த சட்டம் அது.

தரகர் சந்தியாகு இரண்டு பலகைகளோடு வந்தார். முதலாவது ஏழு நிறத்தில் மின்னியது. கிளாடிஸின் கணவர் மிக்கேல் வாயைப் பிளந்தார்.

"அழகப் பாத்தியா!"

"அழகு கெடக்கு. மின்சாரத்தப் பிரிச்சுக் குடுக்கிற எடம் நோஞ்சானா இருக்கே. வெப்பத்தகடு அப்பளம் மாதிரி இருக்கு. வேகங்கூட்டினா பொரிஞ்சுரும்," என்றாள் கிளாடிஸ்.

சந்தியாகு அதற்கு மின்சாரம் கொடுத்தார். பலகை பேசியது: "ஈரப்பதம் தொண்ணூற்றாறு. இது வீடா, மீன் பெட்டியா?"

வீடு குளுகுளுவென்று தெரியட்டும் என்று மிக்கேல் துறைமுகத்திலிருந்து ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து மேசைக்கடியில் ஒளித்திருந்தார். பலகை தானே அணைந்துகொண்டது.

"என்னவே இது?" என்றார் சந்தியாகு.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செய்யாததா?" என்றார் மிக்கேல்.

இரண்டாவது பலகை அழுக்குப் பச்சை நிறம். வெப்பத்தகடு செங்கல் கனம். கிளாடிஸின் பழைய கணினியிலிருந்த பிராசசர் அதன் சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. கிளாடிஸ் ஐஸை வெளியே தள்ளிவிட்டு, அதனிடம் உள்ளதைச் சொன்னாள்.

"மத்தியானம் அனலா கொதிக்கும். மேகம் தெரண்டா ஓட ஓட ஓடணும். மத்த நேரம் மெதுவா ஓடு, நான் கேக்கமாட்டேன்."

"நான் தயார்," என்றது பலகை. "என்னோடு யார் விழித்திருப்பார்?"

"நான்தான். ராவும் பகலும்."

"உங்களிடம் சம்மதம் கேட்டார்களா?"

மிக்கேல் சிரித்தார். "அவகிட்ட என்ன கேக்க? எப்பவும் செய்யதுதான."

"கூடவே ஓடுகிறவரின் சம்மதம் இல்லாமல் நான் வேகம் கூட்டமாட்டேன்."

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்தில் அம்பாரங்கள் திறந்தே கிடந்தன. மிக்கேலுக்கு வியர்த்தது. கல்யாணத்தன்றுகூடப் பாதிரியார்தான் கேட்டார், இவர் கேட்டதில்லை.

"கிளாடிஸ்... ராத்திரி நான் முழிச்சிருக்கேன். பகல் மட்டும் நீ பாக்கியா? சம்மதமா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்."

இடி இடித்தது. கிளாடிஸ் நிதானமாக யோசித்தாள். அந்தக் கேள்வி காதுக்கு நன்றாக இருந்தது. சீக்கிரம் தீர்த்துவிட மனமில்லை.

"தாயே!" என்றார் சந்தியாகு.

"சம்மதம்."

பலகை உறுமியது. கணக்கு வந்து விழுந்தது. கிளாடிஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தாள்: "மழை வருது, மூடுங்கய்யா!" கடைசி அம்பாரத்தின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பிறகே முதல் துளி விழுந்தது.

மிக்கேல் அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"டீ நான் போடட்டா? சம்மதமா?"

இதற்குக் கிளாடிஸ் யோசிக்கவே இல்லை.