பூனை காதை அசைத்தால் அவுட்

குட்டிப்பெண் நண்டுக்குச் சுவர் என்றால் பயம். அவள் அண்ணனுக்கோ சுவர் என்றால் உயிர்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போய் பார்கூர் கற்றுக்கொண்டிருந்தான். வழியில் சுவரோ படிக்கட்டோ வந்தால் சுற்றிப் போகாமல், ஓடி, ஏறி, தாவிக் கடக்கும் விளையாட்டு அது. பள்ளி விடுமுறை விட்டதும், குடியிருப்பின் பின்பக்கம் இருந்த இடுப்பளவுச் சுவரில் தினமும் மதியம் பயிற்சி நடந்தது. துணைக்கு அவன் நண்பன் நெட்டை. இப்போது நண்டும் சேர்ந்துகொண்டாள்.

ஆனால் அவளைச் சுவரில் ஏற விடவில்லை. "முதல்ல படிக்கட்டோட கீழ்ப்படியிலிருந்து குதி. முன்பாதம் முதல்ல படணும், முழங்கால் மடங்கணும்" என்றான் அண்ணன். பயிற்சியாளர் அவனுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார். அவனுக்கு அது சலிப்பாக இருந்ததால், தான் மட்டும் சுவரிலிருந்து தொம்மென்று குதித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் செக்ரட்டரி மாமா வந்தார். குடியிருப்புக்கு அவர்தான் பொறுப்பு. சுவரை ஒட்டிய கீழ் வீட்டில் இருக்கும் நர்ஸ் அக்காவுக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம், அதை நீங்கள் கெடுக்கிறீர்கள் என்றார். வரும் வெள்ளிக்கிழமை ஆள் வந்து சுவர்மேல் கம்பி வேலி போடுவார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"நாம கத்தறதே இல்லையே. அவங்க எப்படி முழிப்பாங்க?" என்று முணுமுணுத்தான் அண்ணன்.

அன்று மாலை நண்டு மட்டும் மன்னிப்புக் கேட்கப் போனாள். நர்ஸ் அக்கா கண்கள் சிவக்க, வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை.

"நேத்து ராத்திரி ஒருத்தருக்கு ஊசி போடப் போறேன், கண்ணு அப்படியே சொக்குது. எனக்கே பயமாயிடுச்சு, கண்ணு" என்றார்.

அப்போது சுவரில் 'தொம்' என்று ஓர் அடி விழுந்தது. மேஜையில் இருந்த தம்ளர் தண்ணீர் தளும்பியது. நண்டு திடுக்கிட்டாள். வெளியே குதித்தது அண்ணன்தான். அந்தச் சுவரும் படுக்கையறைச் சுவரும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

நண்டு வெளியே ஓடி, அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்தப் படுக்கையறையில் உட்கார வைத்தாள். பிறகு ஜன்னல் வழியாக நெட்டையை ஒரு தடவை குதிக்கச் சொன்னாள்.

தொம்.

"யானை மாதிரி குதிக்கிறானே" என்றான் அண்ணன்.

"நீ குதிச்சா இதைவிட ஜாஸ்தி, தம்பி" என்றார் நர்ஸ் அக்கா.

அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. வெளியே வந்ததும், "விட்டுடலாம். பாவம் அவங்க" என்றான்.

நண்டு யோசித்தாள். சத்தமில்லாமல் இறங்குவது அவளுக்கு மட்டும்தான் வந்திருந்தது. கீழ்ப்படியைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தரப்படவில்லையே. "இறங்கறதை முதல்லேர்ந்து கத்துக்கலாம்ணா. சத்தமே வராம இறங்க வந்தப்புறம் சுவருக்குப் போகலாம்" என்றாள்.

"சத்தம் வரலைன்னு யார் சொல்லுவா?" என்று கேட்டான் நெட்டை.

நண்டு வாசல் பக்கம் கை காட்டினாள். அங்கே படிக்கட்டின் கீழே குடியிருப்புப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பூனை காதை அசைத்தால் குதித்தவர் அவுட், மறுபடி கீழ்ப்படிக்குப் போக வேண்டும் என்று விதி போட்டார்கள்.

நெட்டை முதல் குதியிலேயே அவுட். அண்ணன் குதித்தபோது பூனை காதை மட்டுமல்ல, இடத்தையே மாற்றிக்கொண்டது. அது எங்கெல்லாம் போய்ப் படுத்ததோ அங்கெல்லாம் மூவரும் பின்னாலேயே போனார்கள். வியாழக்கிழமை மாலை, அண்ணன் நான்காம் படியிலிருந்து இறங்கினான். பூனை மீசையைக்கூட அசைக்கவில்லை.

"அதுக்குப் பழகிப்போச்சோ என்னவோ" என்றான் நெட்டை.

வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் சுவருக்குப் போனார்கள். பூனையும் வந்து நர்ஸ் அக்காவின் ஜன்னலடியில் சுருண்டது. மூவரும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். பூனை காதை அசைக்கவில்லை. கடைசியில் நண்டு முதன்முறையாகச் சுவர்மேல் ஏறினாள். 'கடவுளே, அந்த அக்கா நல்லா தூங்கட்டும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு குதித்தாள். முன்பாதம் பட்டது. முழங்கால் மடங்கியது. தன் காதுக்கே எதுவும் கேட்கவில்லை.

சுவரின் மறுகோடியில் செக்ரட்டரி மாமா, வேலி போடுபவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். சத்தமே இல்லாததால் இவர்கள் இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. "இங்கேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.

துளை போடும் இயந்திரம் சுவரில் அலறியது. பூனை எகிறி ஓடியது. ஜன்னல் படாரென்று திறந்தது.

"யாரது? இவ்வளவு நேரம் எவ்வளவு நல்லா தூங்கிட்டிருந்தேன் தெரியுமா?" என்றார் நர்ஸ் அக்கா.

மாமா தடுமாறினார். "உங்களுக்காகத்தான்மா வேலி. இந்தப் பிள்ளைங்க குதிச்சு உங்க தூக்கம்…"

"பிள்ளைங்களா? அவங்க இன்னிக்கு வரவே இல்லையே."

மாமா திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் நண்டு, அண்ணன், நெட்டை மூவரும் வரிசையாக நின்றார்கள்.

"எப்போ வந்தீங்க?"

"சாப்பிட்டதிலேர்ந்து இங்கதான் இருக்கோம், மாமா" என்றாள் நண்டு.

மாமா வேலி போடுபவரிடம் இயந்திரத்தைப் பையில் வைத்துவிடச் சொன்னார். நர்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

அன்று அவுட் ஆனது செக்ரட்டரி மாமா ஒருவர் மட்டும்தான்.