காற்றைத் தின்ற கொப்பரை

கயிற்றில் கட்டி இறக்கிய அரிக்கேன் விளக்கு நிலவறையின் பாதியாழத்தில் அணைந்தது. எண்ணெய் நிறைய இருந்தது, திரி புதிது, காற்றோ ஒரு பொட்டு இல்லை. கபீர் மறுபடி ஏற்றி இறக்கினான். அதே இடத்தில் அணைந்தது.

வெளியே ஐம்பத்தெட்டாம் வருஷச் சாரல் விடாமல் நசநசத்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், நனைந்த சாக்கின் வாடையும், நிலவறையில் வாரக்கணக்கில் மூடிக்கிடந்த கொப்பரைத் தேங்காயின் காறல் நெடியும் வீட்டை நிறைத்திருந்தன. சரக்குக் கப்பலில் உழைத்து உடம்பு ஓய்ந்துபோய்த்தான் அவன் தென்காசிக்குத் திரும்பி, மச்சினன் முகம்மது கனியோடு கொப்பரை வியாபாரத்தில் இறங்கியிருந்தான். ஈரக் கொப்பரை பூட்டிய இடத்தில் காற்றைத் தின்றுவிடும். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. விழுந்தவனைத் தூக்கவும் இடுப்பில் கயிறில்லாமல் இறங்கக் கூடாது. கப்பலில் அப்படி ஒருவனைத் தூக்க இன்னொருவன், அவனைத் தூக்க வேறொருவன் என்று இறங்கி மூன்று பேர் மையித்தாய் விழுந்தார்கள். அன்றிலிருந்து சரக்கறை வாயில் நின்று ஆட்களை இழுத்துப் பிடிப்பதே கபீரின் வேலையாகிப்போனது. சே, பிடித்துப் பிடித்துக் கை சலித்துவிட்டது.

"ஏலே கனி, மூடியத் தெறந்து போட்டு நாளைக்கு எடுப்போம்லே."

"கப்பல விட்டு எறங்கியும் ஒங்களுக்குப் பயம் போவலியே மச்சான்! வண்டிக்காரர் தெருவுல நிக்காரு. இந்தா வந்துருதேன்."

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? ஏணி கிறீச்சிட்டது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

கபீர் வண்டிக்காரரைக் கயிறும் ஆளும் கொண்டுவர விரட்டினான். அடுப்படியிலிருந்து மனைவி ஜாஹிரா பீவி ஓடிவந்தாள். அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தான்.

"விடுங்க! என் தம்பிங்க!"

"இரி புள்ள. கயிறு வருது."

கீழேயிருந்து குரல் வந்தது.

"லாத்தா, எனக்கு ஒண்ணுமில்ல. எறங்கி வாங்க."

அக்காளைக் கூப்பிடும் கனியின் குரல். மூச்சில்லாத இடத்தில் குரல் ஏது? கப்பலிலும் செத்தவன் இப்படித்தான் கூப்பிட்டான். கேட்டவர்கள்தான் இறங்கினார்கள்.

"அது அவன் இல்ல ஜாஹிரா. கேக்காத!"

"கூப்பிடுதான்ல! நீங்க மனுசனா?"

அவன் கையைக் கடித்தாள். அவனுக்குப் பிடிக்கத் தெம்பில்லை. கை நழுவியது. ஏணி கிறீச்சிட்டது.

தொப்.

யா அல்லாஹ். கபீர் நிலவறை வாயில் குப்புற விழுந்து அழுதான். தெருவில் இன்னும் யாரும் வரவில்லை.

"என்னங்க," என்றாள் ஜாஹிரா, கீழே. "இங்கன வாங்க. நல்லா மூச்சு விடலாம்."

தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போட்டான். அணையுமுன் பார்த்துவிட்டான். அக்காளும் தம்பியும் கொப்பரையில் முகம் புதையக் கிடந்தார்கள். அசைவில்லை.

இருட்டு.

"வாங்க."

"வாங்க மச்சான்."

பதில் சொல்லிவிடாதபடி கபீர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தினான்.

"இந்தா வாரேன்," என்றது கீழேயிருந்து, அவனுடைய குரல்.