அரை மணிக்கு ஒரு பஸ்

நாற்பத்திரண்டு புது வீடுகளில் விளக்கெரிந்தது மர்ட்டிலின் வீட்டில் மட்டும்தான். அவளுக்கு முன்பு ஐந்து வீடுகள் விற்றாயிற்று என்றார்கள், ஐந்திலும் இருட்டு. அப்படியிருக்க, குடியிருப்பு வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தில் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள்.

நவம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஈர மண்ணும் புதுப் பெயிண்டும் கலந்து மணத்தன. வீடு விற்றவர்கள் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் கடை, பள்ளி, மருத்துவர், நகரத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ் என்று எல்லாமே இருந்தன. புத்தகத்துக்கு வெளியே, நிஜத்தில், இந்த நிறுத்தம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸை நம்பித்தான் நேற்றுக் குடிவந்தாள். நகரத்து முதியோர் இல்லத்தில் கணவர் வில்ஃப். ஐந்து மணித் தேநீர் வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு நாள் தவறினால், யார் நீங்கள் என்பார்.

மர்ட்டிலின் ஊர்க்காரர்கள் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள், வரிசையில் முந்துகிறவனை மன்னிக்க மாட்டார்கள். மர்ட்டில் கடைசியில் போய் நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, அது மரியாதையில்லை.

நாலரை ஆயிற்று.

"பஸ் தாமதமோ?" என்று முன்னால் நின்ற பச்சைத் தொப்பியிடம் கேட்டாள்.

"வந்துரும் கண்ணு. அரை மணிக்கு ஒண்ணு." தொப்பி திரும்பவில்லை.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களோ?"

"வெயில் காலத்துல வந்தேன். குறை சொல்லக் கூடாது, அப்ப மழையில்ல."

மர்ட்டில் சிரிக்க வாய் திறந்தாள். அவள் மூச்சு வெண்புகையாய் மிதந்துபோய் அந்தப் பச்சைத் தொப்பியில் படிந்தது. முன்னால் ஐந்து பேர். ஒருவர் வாயிலிருந்தும் புகை எழவில்லை. தொப்பிக்காரி பேசியபோதும்தான்.

குனிந்து பார்த்தாள். ஐந்து ஜோடிக் காலணிகள். தையல் வழியே புல் முளைத்திருந்தது.

ஓடிவிடலாம். ஆனால் இடம் போய்விடும். பஸ் வருகிற நேரம் வேறு. இன்னும் ஐந்தே நிமிடம்.

ஐந்து. பத்து. குளிர் முழங்கால்வரை ஏறியது. பிறகு குளிரவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. ஐந்து மணி. இல்லத்திலிருந்துதான். எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

பின்னால் சரளையில் காலடி. புத்தகம் புரளும் சத்தம். ஓர் இளம்பெண்ணின் குரல்.

"மன்னிச்சுக்கோங்க, வரிசை இங்கதான் முடியுதா? புதுசா குடிவந்திருக்கேன்."

ஓடிப்போ என்று கத்த நினைத்தாள் மர்ட்டில். கழுத்து திரும்பவில்லை.

"ஆமா கண்ணு," என்றது அவள் வாய், மிக மரியாதையாக. "அரை மணிக்கு ஒண்ணு."

கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் மர்ட்டில் உற்றுப் பார்த்தாள். தன் வாயிலிருந்தும் புகை எழவில்லை.