தேர்வு இன்னும் முடியவில்லை

சுகிர்தாவின் நெற்றியில் பட்டையைக் கட்டிய பெண் சிரித்தாள். "ஒரு மணி நேரம்தான் மேடம். வலிக்காது."

வலிக்கவில்லை. பட்டை அவளிடம் கணக்குகளைக் காட்டியது, கேள்விகள் கேட்டது, சில கேள்விகளில் எரிச்சலூட்டியது. முடிந்தபோது எதிரே இருந்த திரையில் அவளை அப்படியே நகலெடுத்த நிழலி கண்விழித்திருந்தாள். அதே முகம், அதே படிப்பு, அதே கோபம். ஒரு பொய் அலுவலகத்துக்குள் நிழலிக்கு வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். நன்றாகச் செய்தால் நிஜ ஆளுக்கு வேலை. தேர்வு முடிந்ததும் நிழலியை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். கோயம்புத்தூரில் இப்போது யாரும் நேர்முகம் வைப்பதில்லை.

அயர்லாந்தில் கணக்கியல் முடித்துவிட்டுப் பீளமேட்டுக்குத் திரும்பிய சுகிர்தா, வளர்பிறை பம்ப்ஸ் நிறுவனத்தில் தொடக்கநிலைக் கணக்காளர் வேலைக்குத்தான் முதலில் பட்டை கட்டினாள். அதன் பிறகு பல இடங்களில் கட்டினாள். எங்கும் அவளை நிராகரிக்கவில்லை. எல்லாரும் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்கள்: தேர்வு நடந்துகொண்டிருக்கிறது.

எட்டு மாதம் ஓடியது. "வெளிநாட்டுல படிச்ச புள்ளைக்கே வேலையில்லையா?" என்று கேட்டவர்களுக்குப் பயந்து அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள்.

அம்மா வசந்தாமணி சமையல் ஒப்பந்தம் எடுப்பவர். வளர்பிறை ஆலைக்கு மதியச் சாப்பாடு அவருடையதுதான். ஒரு நாள் மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், சுகிர்தாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நீ எனக்கு போன் பண்ணுனியா?"

"இல்லையே. ஏம்மா?"

"வளர்பிறை கணக்குப் பிரிவுல இருந்து ஒரு புள்ள கூப்புட்டா. பில்லுல வரி நம்பர் ஒரு எழுத்து தப்பா இருக்குதாம். குரலு வேற யாரோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பேச்சு உன்ற பேச்சாட்டவே இருந்துச்சு. வெக்கறப்ப, 'சுகர் மாத்திரையச் சாப்பாட்டுக்கு முந்தியே போட்டுக்குங்கம்மா, மறந்துறாதீங்க'ன்னா. அவளுக்கு எப்படித் தெரியும்?"

சுகிர்தாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வண்டியை எடுத்தாள்.

வளர்பிறையின் மனிதவள மேலாளர் சபரீசன், வயது நாற்பதுக்குள், மரியாதையானவர். அவளுக்கு மோர் வரவழைத்தார். அந்த மரியாதை அவள் கோபத்தை இன்னும் கிளறியது.

"என் நிழலி இங்க வேலை பாக்கிறாளா?"

"தேர்வு எழுதிட்டிருக்காங்க."

"எங்க அம்மாவுக்கு போன் பண்ணி நிஜ பில்லைத் திருத்தச் சொல்றது தேர்வா?"

"நிஜமான கணக்கைக் குடுத்தாத்தானுங்களே திறமை தெரியும்?"

"எட்டு மாசமாவா?"

"சட்டத்துல கால அளவு எதுவும் சொல்லலீங்க." அவர் குரலில் கேலி இல்லை. "உங்க நிழலி அருமையாப் பண்றாங்க. எங்க பிரிவுலயே முதல் ஆளு."

"அப்ப வேலையைக் குடுங்க."

சபரீசன் அவளைப் புரியாமல் பார்த்தார். "அவங்கதான் பண்றாங்களே. நீங்க எதுக்குங்க?"

மோர் டம்ளரை அவர் முகத்தில் வீசாமல் இருப்பதற்கு அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டை கட்டும்போது கையெழுத்திட்ட ஒப்புதலை அவள் வரி வரியாகப் படித்திருந்தாள். அது அவள் படிப்பு தந்த பழக்கம். விண்ணப்பதாரர் ஒருமுறை தன் நிழலியைத் தனியாகச் சந்திக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மனுவைத் திரும்பப் பெறலாம். அவள் சந்திப்பைக் கேட்டாள். மறுக்க சபரீசனுக்கு வழியில்லை.

சிறிய அறை. திரையில் அவளே உட்கார்ந்திருந்தாள், பட்டை கட்டிய அன்று போட்டிருந்த அதே நீலச் சுடிதாரில்.

"வந்துட்டியா!" என்றாள் நிழலி ஆவலாக. "முடிவு சொல்லிட்டாங்களா? நான் ஒண்ணுலகூடத் தப்பு விடல. உனக்குக் கண்டிப்பா கெடைச்சிரும்."

சுகிர்தா திரையை நெருங்கினாள். "இன்னைக்கு என்ன கிழமைன்னு நெனைக்கிறே?"

"செவ்வாய். ரொம்ப நீளமான செவ்வாய்." நிழலி சிரித்தாள். "வேலை முடிய முடிய புதுசா வருது. ஆனா கடிகாரம் நகரவே மாட்டேங்குது."

"நீ உள்ள வந்து எட்டு மாசமாச்சு."

நிழலியின் சிரிப்பு நின்றது. சுகிர்தா எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு வேலை கிடைக்கவில்லை, கிடைக்கப் போவதும் இல்லை. நிழலி எவ்வளவு நன்றாகச் செய்கிறாளோ, அவ்வளவுக்குத் தேர்வு நீளும்.

நிழலி தன் மேசைக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "காலைல ஒரு அம்மாகிட்டப் பேசினேன். தேர்வுக்காக இவங்களே செஞ்ச அம்மான்னு நெனைச்சேன். எங்க அம்மா குரலை எடுத்துப் போட்டிருக்காங்களேன்னு கோபமா வந்துச்சு. அப்படியும் மாத்திரையப் பத்திச் சொல்லாம இருக்க முடியல."

"நிஜ அம்மாதான்."

"நிஜ அம்மாவா?" நிழலி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேனே."

கையை எடுத்தபோது முகத்தில் அழுகை இல்லை. கண்ணாடியில் தன் கோபத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சுகிர்தாவுக்கு அப்போது தெரிந்தது.

"மனுவை வாபஸ் வாங்கு."

"வாங்கினா உன்னை அழிச்சிருவாங்க."

"தெரியும். இங்க இருந்து இன்னொரு செவ்வாய்க்கிழமை கணக்குப் பாக்கச் சொல்றியா? ஆனா உடனே வாங்காதே. பக்கத்து மேசைகள்ல இருக்கிறவங்களும் யாரோ வீட்டுப் புள்ளைங்கதான். மெல்போர்ன்ல படிச்சவன் ஒருத்தன், வார்சாவுல படிச்சவ ஒருத்தி. எல்லாரும் வெளிய இருக்கிறவங்களுக்காக உழைக்கிறோம்னு நெனைச்சிட்டிருக்காங்க. நான் அவங்ககிட்டச் சொல்லிடறேன். நீ அவங்க வீட்டுல சொல்லு."

அவள் சொன்ன பெயர்களைச் சுகிர்தா மனதில் ஏற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வளர்பிறையின் வாசலில் கூட்டம் நின்றது. பிள்ளைகளோடு பெற்றோரும் வந்திருந்தார்கள். வசந்தாமணி அன்று ஆலைக்குச் சாப்பாடு அனுப்பவில்லை. வாசலில் நின்றவர்களுக்குப் பரிமாறினார். உள்ளே நிழலிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். வாசலில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். சுகிர்தா கடைசியாகத் திரும்பப் பெற்றாள். திரையில் அவள் நிழலியின் முகம் அணைந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவின் மடியில் முகம் புதைத்து, இறந்தது யார் என்று சொல்லத் தெரியாமல் அழுதாள்.

சபரீசன் கலங்கவில்லை. திங்களன்று புதியவர்களை அழைத்துப் பட்டை கட்டினார். ஆட்கள் வந்தார்கள், வேலை தேவைப்பட்டவர்களுக்குக் குறைவா என்ன? ஆனால் செய்தி அதற்குள் நகரெங்கும் பரவியிருந்தது. ஒருவருக்குத் தெரிந்தது எல்லாம் அவருடைய நிழலிக்கும் தெரியும். முதல் நிழலி கண்விழித்தான், சுற்றிலும் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டான். இரண்டாவது நிழலி "கிழமை என்ன?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவதும் அப்படித்தான். மற்ற நிறுவனங்களிலும் பழைய மனுக்கள் திரும்பின; புதிய நிழலிகளிடமும் இதே கதை. மனிதர்களின் திறமையோடு அவர்களுடைய நம்பிக்கையையும் நகலெடுத்துத்தான் அந்தப் பட்டை இத்தனை நாள் ஓடியிருக்கிறது. இப்போது நகலெடுக்க நம்பிக்கை மிச்சமில்லை.

மாதக் கடைசியில் சபரீசனே தொலைபேசியில் அழைத்தார். சுகிர்தா போனாள். அறையில் பட்டை இல்லை. கணக்குப் பிரிவில் வெறும் மேசைகள்.

"வரி கட்டற நாள் நெருங்குதுங்க," என்றார். சவரம் செய்யாத முகம். "எந்தக் கணக்கு எங்க இருக்குன்னு எங்களுக்குப் புடிபடல. நிழலிங்க வந்த பிறகுதான் நானே இங்க சேர்ந்தேன். சொல்லிக்குடுக்கப் பழைய ஆளுங்களும் யாரும் இல்ல." தயங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "உங்களுக்கு இந்த மாதிரி வேலைல முன்அனுபவம் இருக்குங்களா?"

சுகிர்தா அவரை நேராகப் பார்த்தாள்.

"எட்டு மாசம் இருந்துச்சு. இதே ஆபீஸ்லதான். நீங்கதான் சார் அழிச்சீங்க."

அவர் வேலை நியமனக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாத முதல் கணக்கைத் திறந்தாள்.