சாக்கு மறைப்பு

பல் விளக்க வெளியே வந்த செல்லத்துரை, தேயிலைக் காட்டின் ஓரத்தில் சாக்கு மறைப்பு நிற்பதைப் பார்த்தான். நாலு குச்சி, சுற்றிச் சாக்கு, நடுவில் ஒரு துவாரம். அவனுடைய மறைப்பைப் போன வாரமே பிரித்து விறகு அடுக்கில் சொருகியிருந்தான். போய்ப் பார்த்தான். அது அங்கேயேதான் கிடந்தது. அப்படியானால் இது யாருடையது? இது பெரிது. துவாரம் அவன் வீட்டைப் பார்த்து இருந்தது.

சூரியநெல்லி எஸ்டேட் ஆபீஸில் அவன் கிளார்க். எழுபத்துநாலாம் வருஷம் பறவைகளைப் படம் எடுக்கிற கிறுக்கு பிடித்தது. பெட்டிக் காமிராவுக்குத் தூரம் ஆகாது, கிட்டே போயாக வேண்டும். மாசியில் முள்முருங்கை சிவப்பாய்ப் பூத்து, வீட்டோரக் காப்பிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியதும், உள்ளே ஒளிந்து உட்கார்ந்து படம் எடுக்கச் சாக்கு மறைப்பைத் தள்ளி நட்டு, தினம் ஒரு முழம் கூட்டை நோக்கி நகர்த்தினான். அப்படி வந்தால் குருவி மிரளாது, பழகிவிடும். கடைசியில் வெளிச்சத்துக்காகக் கூட்டுக்கு மேலிருந்த இலைகளை வெட்டினான். படம் எடுத்த மறுநாளே, திறந்து கிடந்த கூட்டில் காகம் புகுந்து குஞ்சுகளைத் தின்றது. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தான். அவ்வளவுதான் அவனுடைய இரக்கம்.

புதிய மறைப்புக்குள் குனிந்து பார்த்தான். ஆள் இல்லை. புல் மட்டும் மிதிபட்டுப் படுத்திருந்தது. பழைய சாக்கு நாற்றத்துக்கு அடியில், மழையில் நனைந்த கோழிக்கூண்டில் வருமே, அந்த ஈர இறகு வாடை தொண்டையை அடைத்தது. பிடுங்கி எரித்தான். மறுநாள் காலையில் அது நின்றது, ஒரு முழம் முன்னால்.

மறுபடி எரித்தான். மறுபடி நின்றது, இன்னும் கிட்டே. கைக்குழந்தை தூங்கும் அறையின் ஜன்னலுக்கு நேராக. உள்ளே போய் மனைவியிடம் சொன்னான்.

"பிள்ளையத் தூக்கிட்டுப் போடிக்குப் போயிரு தாயி. ஒங்கம்மா வீட்ல இரு."

"சளி புடிச்ச பிள்ளையோட எங்க போகச் சொல்றீங்க?" என்றாள் ராமுத்தாய். "அது பாட்டுக்கு நிக்கட்டும். துணி காயப்போடத் தோதாத்தான இருக்கு."

குழந்தையின் துணிகள் அதன்மேல் காய்ந்தன. அவனும் எரிப்பதை விட்டான். ஒரு காலையில் அதை உரசிக்கொண்டு நின்று முகம் கழுவி, துடைத்து, வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. பயப்படவே மறந்திருக்கிறான்.

பழகிவிட்டது.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கூரைத் தகரம் ஒன்று தரையில் கிடந்தது. பிடுங்கிய ஆணிகள் அதன்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஓடினான். தொட்டிலுக்கு மேலே வானம். குழந்தையின் முகமெல்லாம் வெயில். ஜன்னலை அடைத்துக்கொண்டு சாக்கு.

ராமுத்தாய் நிமிரவேயில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் பிள்ளைக்கு நல்லதுங்க."

சாக்குக்குள் ஒரு சத்தம். டிக்.

ஜன்னலைப் பார்த்தான். சாக்கு இல்லை. குச்சிகள் இல்லை. படம் எடுத்தாகிவிட்டது.

"தூக்கு! பிள்ளையத் தூக்கு!"

குழந்தையின் முகத்திலிருந்த வெயில் அணைந்தது. மேலே, திறப்பின் விளிம்பில், ஏதோ வந்து உட்கார்ந்தது.

தகரம் வளைந்தது.