மூணாவது காலுக்கு ஒரு கறுப்புக் கயிறு

பிள்ள அழவே இல்ல, ஆனா தங்கமாரிக்குப் பால் சுரந்து ரவிக்க நனஞ்சுபோச்சு. மத்தியான வெயில்ல பரளச்சிக் கரிசக்காடு வெடிச்சுக் கெடக்க, வாசல்ல வெறகுக்கு அடுக்குன பருத்திமாரு காஞ்சு நொறுங்குற சத்தமும், விட்டத்துல சேலைத் தொட்டில் உரசுற சத்தமும், பிள்ள சுவாதியோட தழும்புல தடவுன மருந்து நெடியும் தவிர வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. எட்டு மாசப் பிள்ள அசந்து தூங்குது. பெறகு யாருக்குச் சுரக்குது?

சுவாதி மூணு காலோட பொறந்தவ. இடுப்புக்குப் பின்னால தொங்குன அந்தக் காலுக்கு உணர்ச்சியே கெடயாது, எடுத்துட்டா மத்த பிள்ளைக மாதிரி நடப்பான்னு மதுரை டாக்டரு சொன்னாக. பொய்யி. பால் குடிக்கயில அந்தக் குட்டிப் பாதம் தங்கமாரி வயித்த எத்தும், விரலச் சுருக்கும். ஆபரேசன் முடிஞ்சு துணியில சுத்திக் குடுத்தப்ப, மனசு கேக்காம அதுக்கு ஒரு கறுப்புக் கயிறு கட்டித்தான் புருசன் வீரணன்கிட்டக் குடுத்தா. அவன் கொண்டாந்து கொல்லையில பொதச்சான்.

பெறகு பிள்ள சரியாக் குடிக்கல. பால் கட்டிக்கிச்சு. பீச்சுன பால மிதிபடுற எடத்துல ஊத்தப்படாதுல்ல? அதான், யாரும் மிதிக்காத அந்தக் குழிமேல தெனமும் ஊத்துனா. ஊத்தயில ஒரு நிம்மதி வேற, பாவி மகளுக்கு. முந்தாநாத்துலருந்து சுவாதி நல்லாக் குடிக்கா. குழிக்கு ஒரு சொட்டு இல்ல.

இன்னைக்குக் காலையில கொல்லையிலருந்து பதறிப்போய் வந்து புருசன்கிட்டச் சொன்னா. "ஏங்க, குழி வாயத் தொறந்து கெடக்கு."

"நாய் பறிச்சிருக்கும். சும்மா பெனாத்தாத," ன்னுட்டு வீரணன் பந்தல்குடிக்கு பஸ்ஸு ஏறிட்டான்.

தொப்.

இப்ப, கொல்லைப் பக்கம்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. பிள்ளைக நொண்டியடிச்சு வெளயாடுற மாதிரி. ஓடிப்போய்க் கொல்லைக் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டா. சத்தம் நின்னுபோச்சு. அப்பத்தான் தரையப் பாத்தா.

கரிசமண்ணு அப்புன சின்னப் பாதத் தடம். எடது பாதம். அடுத்ததும் எடது. எல்லாமே எடது. தொட்டில் வரைக்கும்.

"ஆத்தா... எம்பிள்ள..."

தொட்டிலுக்குள்ள சுவாதி சிரிக்கா. சேலைய முட்டிக்கிட்டு ஒரு குதிகாலு. இன்னொண்ணு. ரெண்டு. ரெண்டே ரெண்டுதான். அப்பாடா.

மூணாவது, சேலைக்கு வெளிய வந்துச்சு. கணுக்கால்ல கறுப்புக் கயிறு. மண்ணு உதிர உதிர அவ நெஞ்சப் பாத்து நீண்டு, விரலச் சுருக்குச்சு.

தங்கமாரிக்குப் பால் சொட்டிக்கிட்டே இருந்துச்சு.