பயன்படுத்துவோர் இருவர்

பட்டியலின் நாற்பத்தோராம் வரியில் ‘தகரம்’ என்ற சொல் இருந்தது. எதிரே பொருளும் இருந்தது. பொருள் எழுதுவது அவர் வேலை. அவர் இன்னும் எழுதியிருக்கவில்லை.

மாநகராட்சிக் கண்காணிப்புப் பிரிவில் அவருக்கு ‘அகராதி’ என்று பேர். இணையத்தில் விடலைகள் நாளொரு சொல்லாக உருட்டிவிடுவதற்கெல்லாம் பொருள் எழுதிக்கொடுப்பார்; யார் நிர்வாகத்தைப் புகழ்கிறான், யார் நக்கலடிக்கிறான் என்று இயந்திரம் அதை வைத்துப் பிரித்துக்கொள்ளும். ‘தரமான சம்பவம்: பாராட்டு. குடிநீர்க் குழாய் உடைந்த படத்துடன் வந்தால் ஏளனம்.’ பதினெட்டு வருடம் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தியவருக்கு அந்தக் கும்பலைக் கண்டாலே குமட்டும். எங்கே ஒற்று மிகும் என்று தெரியாத ஜென்மங்கள், இதுகளுக்கு ஆட்சியைப் பற்றிப் பேச்சு வேறு. அவர் பொருள் எழுதிய மறுநாள் அந்தக் கணக்குகள் மௌனமாகிவிடும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. சனியன் ஒழிந்தது என்று தேநீர் குடிப்பார்.

‘தகரம்: கண்காணிப்புப் பிரிவு இயக்குநர். உள்ளே ஒன்றுமில்லாமல் சத்தம் மட்டும் போடுபவர். பயன்படுத்துவோர்: இருவர்.’

வரியை இரண்டு முறை படித்தார். அந்தச் சொல்லை அவர் எங்கும் எழுதியதில்லை. படுக்கையறையில், கதவைச் சாத்தி, கைப்பேசிகளைச் சமையலறை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, மனைவியின் காதில் மட்டும் சொன்ன சொல். அவள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்த சொல்.

மாடிப்படிக்குப் போய் வீட்டுக்குப் பேசினார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“எதைங்க?”

“அதான். அந்தப் பேரு.”

“எந்தப் பேரு? ஓ, தகரமா?” அவள் சிரித்தாள். “நான் யார்கிட்டங்க சொல்லப் போறேன்?”

“வாயை மூடு!”

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாற்பத்திரண்டாம் வரி முளைத்திருந்தது. ‘வாயை மூடு: அச்சம். பயன்படுத்துபவர்: ஒருவர்.’

அழித்தார். மறுபடி வந்தது. மறுபடி அழித்தார். கீழே இன்னொன்று. ‘மூச்சைப் பிடித்தல், ஆறு நொடி: ஒளிக்கிறார்.’

அவர் மூச்சை விட்டார்.

“என்ன அகராதி, ஏசியிலயும் வேர்த்துக் கொட்டுது?”

இயக்குநர் பின்னால் நின்றார். திரையைப் பார்க்கவில்லை, அவருடைய வாயையே பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார்.”

“ஏதோ ஒரு கட்டம் காலியா இருக்காமே. நிரப்பிட்டு வீட்டுக்குப் போங்க. வீட்ல காத்துட்டு இருப்பாங்க.”

நாற்பத்தோராம் வரியின் ஓரத்தில் ஒரு கட்டம் திறந்திருந்தது. ‘முதலில் சொன்னவர்.’

முதலில் சொன்னவர் அவர்தான். ஊரையே எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் என்று காறித் துப்பியவர், இப்போது விரல் நடுங்காமல், ஒற்றுப்பிழை இல்லாமல், ‘மனைவி’ என்று தட்டினார். கட்டம் மூடிக்கொண்டது. இயக்குநர் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மணி நான்குகூட ஆகவில்லை. பேருந்தில் முப்பது பேர் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. ஒரு குழந்தை அழ வாயெடுத்தது. அதன் அம்மா அவசரமாகக் கையால் பொத்தினாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியவள், கூப்பிட்டு விசாரித்தால் அழுவாள், விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவருடைய தெருவில் நல்ல வெயில். நாய்கூடக் குரைக்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அணைத்தார். கூப்பிட்டார். ஒவ்வோர் அறையாகத் தேடினார்.

முன்னறை ஜன்னலில் அவள் நின்றாள். முதுகு தெரிந்தது. அப்பாடா.

“ஏய். ஒண்ணும் ஆகலையே?”

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் போனார். அவள் வாய் திறந்திருந்தது. தாடை கழன்றுவிடும்போல, அகலமாக. நாக்கு வெளியே நீண்டிருந்தது. மோவாயிலிருந்து எச்சில் சொட்டிச் சேலை நனைந்திருந்தது. கண்கள் மட்டும் அவரைப் பார்த்தன. தெரிந்துகொண்ட கண்கள்.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரர். வாய் திறந்து. மேல்மாடியில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாய் திறந்து. தெரு நெடுக, ஒவ்வொரு ஜன்னலிலும். யாரும் எச்சில் விழுங்கவில்லை.

விளக்குக் கம்பத்தின் உச்சியில் கண்காணிப்புக் கேமராவின் கறுப்புக் குமிழ் ஒன்று மெல்லத் திரும்பியது. ஒரு வாய். நின்றது. அடுத்த வாய். நின்றது.

பிறகு இந்த ஜன்னல்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் மோவாயை அழுத்திப் பிடித்தார்.

தாடை இறங்கத் தொடங்கியது.